எல்லாருக்கும் அக்கா

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் அக்கா இருந்தால் இதை வைத்தே ஒரு பதிவு எழுதியிருப்பாள்.

அவள் வலைப்பூவின் பெயரே ஆளைச் சொல்லிவிடும்: 'மொட்டைத்தலையும் முழங்காலும்'. புற்றுநோய்க்குக் கீமோ ஊசி போட்டு முடியெல்லாம் கொட்டிய வாரம் ஆரம்பித்தாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மனதில் பட்டதையெல்லாம் எழுதுவாள். வாந்தி வருவதற்குள் வாளியை எட்டுவது எப்படி, விக் வைத்துக்கொண்டு எங்கெல்லாம் குனியக் கூடாது, நரம்பு கிடைக்காமல் தடவுகிற நர்ஸிடம் என்ன பேச்சுக் கொடுக்கலாம். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டு அழுவார்கள். பெயரையோ படத்தையோ அவள் அங்கே போட்டதில்லை. வயது வித்தியாசமில்லாமல் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

விளம்பரம் போடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அவள் மசியவில்லை. "காசு வாங்கிட்டு எழுதினா, காசு குடுத்தவன்தான்டி எழுதறான். நான் வெறும் கை" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அவளைப் பார்த்துக்கொள்ளக் கண்ணாடிக் கடை வேலையை விட்டவள் நான். கொள்கை அவளுக்கு, வீட்டு வாடகை எனக்கு.

மழைக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். போவதற்கு முன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் போனதும் ஒரு வரி போட்டுடுடி. பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க." அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆளைக் காணோமே, பயமாக இருக்கிறதே என்று வரிசையாகப் பின்னூட்டங்கள். பார்த்ததும் கை ஓடவில்லை. 'கொஞ்சம் அசதி, வந்துட்டேன்' என்று போட்டேன். அன்றைக்கு அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

வீட்டில் நான்தான் கடைக்குட்டி. பிறந்ததிலிருந்து என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஒரே நாளில் அத்தனை பேர் கூப்பிட்டார்கள். அவள் நடையில் எழுதுவதும் கஷ்டமாக இல்லை. ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் பேச்செல்லாம் எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்காரர் கதவைத் தட்ட ஆரம்பித்தபோது விளம்பரத்துக்கு இடம் கொடுத்தேன். அப்புறம் ஒரு மூலிகைப் பொடிக் கம்பெனி வந்தது. அவர்கள் கேட்டது சின்ன விஷயம்: பொடி சாப்பிட்டு அக்கா தேறிவருகிறாள் என்று அவ்வப்போது எழுத வேண்டும். அவளைச் சாகவிடாமல் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதானே இருந்தேன், இதை மட்டும் விடுவானேன்? முடி முளைத்தது, பசி எடுக்கிறது, ஊசியை நிறுத்திவிட்டேன் என்று எழுதினேன். ஊசியை நிறுத்தியது உண்மைதான். அக்கா போய் அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

நிறுத்திவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. நிறுத்தினால் அக்கா மறுபடி செத்துவிடுவாள், பணம் நின்றுவிடும், ஏமாற்றியதும் வெளியே வந்துவிடும். புலிவாலைப் பிடித்தவள் கதைதான் என் கதை. பிடித்துக்கொண்டே ஓடினேன்.

'வாயாடி' என்ற புனைபெயரில் ஒரு பெண் வருவாள். அக்கா காலத்திலிருந்து படிப்பவள், அவளுக்கும் அதே நோய், சின்னக் குழந்தை ஒன்று. யாரையும் விடமாட்டாள். "அக்கா, உங்க மண்டைல முளைச்சது முடியா, பூஞ்சையா? போட்டோ போடுங்க, நாங்களே முடிவு பண்ணிக்கறோம்" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் தனியாக எழுதினாள்.

"அக்கா, இன்னும் நாலு ஊசி போட்டா முழுசா சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். என்னால முடியலக்கா. பாப்பாவைத் தூக்கக்கூடத் தெம்பில்ல. நீங்க நிறுத்திட்டு நல்லாத்தானே இருக்கீங்க? நானும் நிறுத்திடவா?"

'ஒழுங்கா போய்ப் போட்டுக்கோடி, கழுதை' என்று அடித்தேன். அக்கா அப்படித்தான் சொல்லியிருப்பாள். அனுப்பப் போகும்போது ஒரு பயம் வந்தது. அப்படியானால் நீங்கள் மட்டும் ஏன் நிறுத்தினீர்கள் என்று இவள் கேட்பாள். குடைந்து குடைந்து கேட்டு அக்காவின் சாவு வரைக்கும் வந்துவிடுவாள். அடித்ததை அழித்தேன். 'உன் உடம்பு உனக்குத் தெரியாதாடி? மனசு சொல்றதைக் கேளு. பொடியை மட்டும் விட்டுடாதே' என்று எழுதினேன். ஊசியை நிறுத்து என்று நான் எழுதவே இல்லை, நீங்களே படித்துப் பாருங்கள்.

நிறுத்திவிட்டாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தேன் என்று முதலில் சந்தோஷமாக எழுதினாள். பிறகு முதுகு வலி என்றாள். பிறகு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போகவா என்று கேட்டாள். பொடி வேலை செய்ய நாள் பிடிக்கும், அவசரப்படாதே என்றேன். அது கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகம். அவள் கேட்டபோதெல்லாம் அதையேதான் அனுப்பினேன்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பொடிக் கம்பெனியில் விலாசம் வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். கோபமாக வரவில்லை. "அவ போயிட்டா. கடைசி வரைக்கும் அக்கா, அக்கான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா. அவங்களை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். அக்கா தூங்குகிறாள் என்றேன். "ஐயோ, எழுப்ப வேணாங்க" என்று அவரே சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்றைக்கே அதையும் பதிவாக எழுதினேன். வாயாடியின் கணவர் வந்தார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், பாப்பா என் மடியிலேயே தூங்கிவிட்டாள் என்று அக்கா எழுதுகிற மாதிரி எழுதினேன். அதற்கு முன் எந்தப் பதிவையும் அத்தனை பேர் படித்ததில்லை. அவரும் படித்தார். அக்காவை அவர் பார்க்கவே இல்லையே. அதனால்தான் நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அக்கா இறந்ததை மறைத்தேன். பொடி யாரையும் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும். நாலு ஊசியில் பிழைத்திருக்க வேண்டியவளை நான்தான் சாகவிட்டேன். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன்.

என் போனை மட்டும் கொஞ்ச நேரம் கொடுங்கள். நேற்று புதிதாக ஒருத்தி, நானும் ஊசியை நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறாள். பதில் போடாவிட்டால் தவித்துப்போவாள். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.