கட்டி வைத்த குரல்

— இல்லண்ணே, மறுபடியும் அதையேதான் சொல்லுது. அப்படி ஒரு ஃபைலே இல்லையாம்.

— எப்படி இல்லாமப் போகும் ஹாஃபிஸா? என் கையால கட்டி வச்சது. செத்த இரு, குடு இங்கிட்டு.

— தப்ரேஸண்ணே, மூணாம் நாள் பாத்தியா ஓத ஜமாத்தாளுக வந்து உக்காந்துட்டாக. மூத்த மகன் எங்கன்னு ரஹ்மத்துல்லா மாமு ரெண்டு தடவ கேட்டுட்டாக.

— வாரேன்னு சொல்லு. அத்தா கொரல ஒரு தடவ கேட்டுட்டு வாரேன். பெத்த மகன் நான், மொகத்தத்தான் பாக்க முடியல. நான் பிளேன்ல இருக்கப்பவே மண்ணு போட்டுட்டீக.

— மையத்த எம்புட்டு நேரம்ணே வச்சிருக்க முடியும்? ஒனக்காகத்தான் மத்தியானம் லுஹருக்கு எடுக்க வேண்டியத சாயங்காலம் அஸர் வரைக்கும் தள்ளிப் போட்டோம்.

— ஒன்னையச் சொல்லல புள்ள. என்னையச் சொல்றேன். கடைசியா என்ன பேசுனேன் தெரியும்ல? ஒங்க தோல் மண்டி நாத்தத்துக்கு நான் திரும்பி வரமாட்டேன்னு சொன்னேன். அத்தா ஒரு வார்த்த பேசாமப் போன வச்சுட்டாரு. பதினோரு மாசம். அதுக்கப்புறம் அவரு பேச்சையே கேக்கல.

— அப்ப இந்தப் போன்ல இருக்கது?

— சண்டைக்கு முந்துனது. துபாய்ல இருந்தே ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேன். போன மாசம் ஒனக்கு இந்தப் போனக் குடுத்து விடுறப்ப, எடத்த அடைக்குமேன்னு சுருக்கி ஒரே மூட்டையாக் கட்டிட்டேன். இருந்த கோவத்துல வேற எங்கயும் எடுத்து வைக்கல. அறிவு கெட்டவன் நான்.

— தொட்டா தொறக்காதா?

— இது லினக்ஸு போனு. இந்தக் கருப்புத் திரையில எழுத்தா அடிச்சுக் கேட்டாத்தான் பிரிச்சுக் குடுக்கும்.

— அவசரத்துல தப்புத் தப்பா அடிக்கிறண்ணே. சொல்லு, நான் அடிக்கிறேன்.

— மொதல்ல ரெக்கார்டு இருக்க ஃபோல்டருக்குள்ள போகணும். சி, டி அடி, எடம் விட்டு ஃபோல்டர் பேரு. மூட்ட அங்கதான் கெடக்கு. இம்புட்டு நேரம் வேற எடத்துல நின்னு தேடியிருக்கோம்.

— அண்ணே, ஒனக்கு ஒன்னு சொல்லணும். அத்தா வந்து…

— எதுவா இருந்தாலும் இதக் கேட்டுட்டுப் பேசுவோம் புள்ள. என்னால முடியல. டார் அடி. எடம் விட்டு எக்ஸ், இசட், எஃப். அடுத்தாப்ல மூட்டையோட பேரு.

— அடிச்சுட்டேன். ஒன்னும் சொல்லலையே.

— அப்பச் சரிதான். தப்புன்னாத்தான் இது வாயத் தொறக்கும். சரின்னா கம்முனு இருக்கும், நம்ம அத்தா மாதிரி. குடு, போடுறேன். கேளு.

— "தம்பி தப்ரேஸு, சாப்டியா? நத்தத்துலருந்து இன்னிக்கு நாப்பது தோலு வந்துச்சு. தூறல் விழுகுது, உப்பு போடணும். வச்சிர்றேன் தம்பி."

— அம்புட்டுதானாண்ணே?

— அம்புட்டுதான். தம்பின்னு ரெண்டு தடவ கூப்ட்டாருல்ல. என்னைய மன்னிச்சாரா இல்லையான்னு தெரியாமத்தான் நான் சாகணும். ஆனா இதாச்சும் கெடச்சுச்சே.

— அழாதண்ணே. இப்பயாச்சும் போனக் குடு. ரெண்டு நாளா வீடு நெறய ஆளு, இப்பவும் என்னையப் பேசவே விடல நீ. ஆஸ்பத்திரியில கடைசி நாளு காலையில அத்தா இந்தப் போனக் கேட்டாரு. தப்ரேஸுக்கு ஒன்னு சொல்லணும், பதிஞ்சு வையின்னாரு. கால் மணி நேரம் பேசுனாருண்ணே.

— எங்க? எங்க வச்ச?

— இந்தா, இதுதான். ஆனா கால் மணி நேரம் இருந்தது, இப்ப அர நிமிசம்னு காட்டுதே.

— என்ன பேரு போட்ட?

— அத்தான்னுதான். வேறென்ன போடுவேன்?

— நான் கட்டுனதுக்குள்ளயும் அத்தாதான் ஹாஃபிஸா. மூட்டையப் பிரிக்கிறப்ப ஒரே பேரா இருந்தா இது கேக்கவே கேக்காது. இருந்தத அழிச்சுட்டு அந்த எடத்துல மூட்டையில உள்ளத வச்சிரும்.

— யா அல்லா. நானே அடிச்சேனேண்ணே.

— பரவாயில்ல, விடு. நீ பக்கத்துல இருந்தேல்ல? கேட்டிருப்பேல்ல? என்னைய மன்னிச்சுட்டேன்னு சொன்னாரா? அந்த ஒத்த வார்த்தய மட்டும் சொல்லு புள்ள, போதும்.

— நான் கேக்கலண்ணே. இது என் மகனுக்கு மட்டும்னாரு. பட்டன அமுக்கிக் கையில குடுத்துட்டு, கதவச் சாத்திட்டு வெளிய போயிட்டேன்.