திரும்பி வர வேண்டிய தூக்கு

இன்னிக்குக் காலையில எழுந்ததும் நான் முதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? பால்கூட அடுப்புல வைக்கல. ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவைத் தேய்ச்சுக் கவுத்து வச்சேன். எதுக்குன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கதை இருக்கு, கேளுங்க.

எங்க எதிர் வீட்டுல மரகதம்னு ஒரு அக்கா. வீட்டுக்காரர் இல்ல. ஒரே பொண்ணு, சங்கவி. கல்யாணமாகி ஓசூர்ல இருக்கா. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிசு. போன மாசம் வந்திருந்தா... இப்ப முழுகாம இருக்கா.

கிளம்புற அன்னிக்கு அக்கா புளிக்குழம்பை இறக்கி, கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்தப் போனாங்க. நானும் அங்கதான் நின்னேன்.

"அம்மா, ஊத்தாதே! சூடும் புளிப்பும் எண்ணெயும் பட்டா பிளாஸ்டிக்ல இருக்கிற ரசாயனம் குழம்புல இறங்குமாம். அது ஹார்மோனைக் குழப்பலாம், வயித்துல பிள்ளை இருக்கறப்ப கவனமா இருங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அந்த எவர்சில்வர் தூக்குல குடு."

"அதையா? ஆசையப் பாரு! உங்க சித்தி கொண்டு போன சம்படமே இன்னும் வந்து சேரல."

"உனக்கு மகளை விடத் தூக்கு பெரிசாப் போச்சா?"

அக்கா சிரிக்கல... கரண்டியைக் கீழே வச்சாங்க.

"தூக்கைக் குடுத்துவிட்டா, எப்ப வரும் எப்ப வரும்னு வாசலையே பார்க்கணும்டி. டப்பான்னா அந்த நெனப்பு இல்ல. நீ எப்ப வருவேன்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது ஒண்ணு போதாதா எனக்கு?"

சங்கவி டப்பாவை ஓரமா நகர்த்தி வச்சா.

கொஞ்ச நேரம் கழிச்சு அக்காவே தூக்கை எடுத்தாங்க. கல்யாணச் சீர், அவங்க பேர் வெட்டினது. முந்தானையால துடைச்சு, குழம்பை ஊத்தி மூடினாங்க.

"பத்திரம். திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும்."

"கூரியர்ல போட்டுவிடவா?"

"வெளுத்துப்புடுவேன்! நீ கொண்டா."

தூக்கு இன்னும் வரல. அலமாரியில அது இருந்த இடம் அப்படியே காலியா இருக்கு. வேற பாத்திரம் வைக்க மாட்டேங்கறாங்க. நேத்து கேட்டேன், "என்னக்கா, தூக்கு வந்துச்சா?"ன்னு. "வருவா"ன்னாங்க...

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வீட்டுல இருக்கிற நமக்கு எவர்சில்வர். ஊருக்குப் போற பிள்ளைக்கு? டப்பா! ஏன்? திரும்பி வராட்டியும் பரவாயில்லன்னு. யாரை நெனச்சு நெனச்சு ஏங்குறோமோ, அவங்களுக்குத்தான் கொதிக்கிறதைப் பிளாஸ்டிக்ல ஊத்திக் குடுத்து அனுப்புறோம். பாத்திரம் போனாப் போகட்டும்... பிள்ளை உடம்பு போனா வருமா?

என் மகன் இன்னிக்கு ராத்திரி ரயில்ல புனே போறான். சுடச்சுடத் தக்காளித் தொக்கு குடுத்துவிடத்தான் அந்த டப்பாவைத் தேய்ச்சேன். கவுத்து வைக்கிறப்ப மரகதம் அக்காவோட காலி அலமாரி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

என் பேர் வெட்டின தூக்கு ஒண்ணு பரண்ல கிடக்கு. பேசி முடிச்சு வீட்டுக்குப் போனதும் அதை இறக்கி, தொக்கை அதுலதான் குடுக்கப் போறேன். அவனுக்கும் தெரியாது, அவங்கப்பாவுக்கும் தெரியாது. கனமா இருக்கும்மான்னு சொல்லுவான்...

இருக்கட்டும். தூக்கிட்டுப் போகட்டும். தூக்கிட்டு வரட்டும்.