பூங்காவுக்குப் போன கல்

கல் தேர்ந்தெடுப்பது லேசான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர். பெரிதாக இருந்தால் பகட்டாகத் தெரியும். சின்னதாக இருந்தால் பூர்வகுடி ஆட்கள் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியா முழுக்க ஊருக்கு ஊர் நல்லிணக்கக் குழு இருக்கிறது, எங்கள் ஊர்க் குழுவுக்கு நான்தான் தலைவர். அதனால் நானே லாரியோடு மலையடிவாரம் போய், சிவப்புப் பாறை ஒன்றைப் பார்த்து எடுத்துவந்தேன். பூங்கா நிழலில் வைப்பதாக முடிவு. ‘இம்மண்ணில் முன்பு நேர்ந்த துயரங்களின் நினைவாக’ என்று பொறிக்க ஏற்பாடு. யார் மனமும் நோகாத வாசகம்.

அத்தைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஊரில் கறுப்பர், வெள்ளையர் எல்லோருக்கும் அவர் அத்தைதான். எனக்கு அதற்கும் மேலே. எங்கள் மாட்டுப் பண்ணையில் வேலைசெய்து, என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர்.

கூட்டத்தில் எழுந்து கேட்டார்: “துயரம் நேர்ந்துச்சாமே, மழை பெஞ்ச மாதிரி? சுட்டது யாருடா கிளைவ்? துப்பாக்கி தானா வெடிச்சுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சுட்டவர் என் தாத்தா. எங்கள் பண்ணைக்குள் இருந்த ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்க வந்த அத்தையின் ஆட்களைச் சுட்டார். அது வறட்சி ஆண்டு, மாடுகளுக்கே தண்ணீர் போதவில்லை. நாணலுக்குள் ஒளிந்து தப்பிய ஒரே சிறுமி அத்தையின் அம்மா. இதையெல்லாம் அத்தை தன் குரலில் பதிவுசெய்து கொடுத்திருந்தார், தாத்தாவின் பெயரோடு. திறப்பு விழாவில் அதைப் போட வேண்டும், கல் ஊற்றங்கரையில் நிற்க வேண்டும் என்றார். குழுவில் பாதிப்பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

தாத்தாவின் பெயரைத்தான் என் பேரப்பிள்ளைகளும் சுமக்கிறார்கள். ஆறிவருகிற புண்ணை ஒருவருடைய பிடிவாதம் கிளறிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

கல்லுக்கு இடம் காட்டச் சொல்லி அத்தையை ஜீப்பில் கூட்டிப்போனேன். எங்கள் கிம்பர்லி பக்கத்தில் மழைக்கு முந்தைய மாதம் எப்படிக் கொளுத்தும் என்று உங்களுக்கே தெரியும். வழியெல்லாம் கிண்டல்தான்.

“தண்ணிக் கேன் எங்கடா?”

“மறந்துட்டேன் அத்தை.”

“கழுத்து மேல இருக்கிறதையாவது கொண்டாந்தியா? சரி விடு, என் ஊத்து இருக்கு.”

ஊற்று வற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. என் ஆழ்துளைக் கிணறு உறிஞ்சிவிட்டது. நான் போட்ட வேலியைத் தாண்டி அவர் வந்ததில்லை, அதனால் தெரியாது. அளவுக் குச்சி எடுத்துவருகிறேன் என்று இறக்கிவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தேன், கையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் வந்தார். விடைகொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஆட்டிறைச்சி சமைத்திருந்தார்கள். சாப்பிட்டேன்.

மறுநாள் தேடிப்போனவர்களில் நானும் இருந்தேன். ஊற்று இருந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே தோண்டியிருந்தார். தன் தங்கை மகன் லாய்ட் வந்து கூட்டிப்போவான் என்று சொல்லி அவரே என்னை அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். நம்பினார்கள்.

அடுத்த கூட்டத்தில், பதிவைப் போடலாம் என்று யாரோ சொன்னபோது நான்தான் தடுத்தேன். துக்கக் காலத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் குரலைக் கேட்பதும் அவர்களுக்கு ஆகாது. சின்ன வயதில் அத்தையே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஜீப்பில் ஏறும்போதே அது என் நினைவில் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

லாய்ட் தலைகுனிந்தபடி, “ஆமா, பெரியம்மா குரலை இப்பப் போடாதீங்க” என்றான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

கல் பூங்காவுக்குப் போனது. அத்தையின் ஆட்கள் யாரும் விழாவுக்கு வரவில்லை. மற்றபடி நல்ல கூட்டம்.

தேடிய அன்றே லாய்ட் சக்கரத் தடத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தானாம். அவரை இறக்கிய இடத்திலிருந்து வண்டி ஒரே வளைவாகத் திரும்பியிருக்கிறது, எங்கும் தயங்கவில்லை என்றானாம். அத்தையின் காலடி அந்தத் தடத்தின் மேலேயே வந்து நின்றுபோயிருக்கிறது என்றும் சொன்னானாம். சரியாகத்தான் படித்திருக்கிறான். சாகட்டும் என்றுதான் விட்டுவந்தேன்.

துக்கம் முடிந்துவிட்டது, இனிப் பெயரைச் சொல்லலாம், நாளை ஊற்றங்கரையில் பெரியம்மாவின் குரலைப் போடப்போகிறோம் என்று லாய்ட் சொன்னதாகச் சொல்கிறீர்கள். எனக்கென்னவோ அவசரமாகத் தெரிகிறது, இன்ஸ்பெக்டர். இன்னும் சில வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய வழக்கத்தை நாமாவது மதிக்க வேண்டாமா?