ஸ்ட்ரான்சியம் கம்பி

விமல்ராஜுக்கு டீயில் சர்க்கரை ஆகாது, ஐயா. இங்கே ஸ்டேஷனில் கொடுத்த டீயை அதனால்தான் தொடாமல் வைத்திருக்கிறான். திமிர் என்று நினைத்துவிட வேண்டாம்.

பதினோரு வருஷமாக என்னிடம் வேலை செய்கிறான். ஏனாத்தூர் போகிற வழியில் கியாசுதீன் பாயின் அலுமினிய வார்ப்புப் பட்டறை என்றால் யாரும் காட்டுவார்கள். பெயர்தான் என்னுடையது, உருக்குவது, வார்ப்பது எல்லாம் அவன். ஆடி மாதம் ஒரு பெரிய கம்பெனியில் தனக்கு வேலை கிடைத்த உத்தரவைக் கொண்டுவந்து காட்டினான். வாழ்த்துச் சொல்லி ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

அப்போது மாற்றுத்திறனாளிகளின் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரத் தாங்கி வார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அலுமினியத்தில் சிலிக்கான் உண்டு. அப்படியே ஆறவிட்டால் அது உள்ளே முரட்டுத் தகடுகளாக உறையும். விரிசல் அதன் வழியே ஓடிவிடும். துளி ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் அந்தச் சிலிக்கான் மெல்லிய நாராகிவிடும், பொருள் லேசில் முறியாது. நூறு கிலோவுக்கு, அது கலந்த கம்பி இரண்டு முழம் போதும்.

பெட்டியிலிருந்த ஸ்ட்ரான்சியம் கம்பியை எடுத்துவிட்டு, அதே கனத்தில் வெறும் அலுமினியக் கம்பியை வெட்டி வைத்தேன். அவன் வழக்கம்போல அளந்து போட்டான். சோதனையில் நாலு தாங்கி முறியும், அவமானத்தில் போகாமல் இருந்துவிடுவான் என்று நினைத்தேன். அவசரம் என்று வாங்குகிறவர்கள் சோதிக்காமலே ஏற்றிப் போனார்கள். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சும்மா இருந்துவிட்டேன்.

திருமுக்கூடல் அருகே தாங்கி முறிந்து வேலாயுதம் என்பவர் விழுந்தார். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

“கம்பி போட்டியாப்பா?” என்று விமல்ராஜைக் கேட்டேன்.

“போட்டேன் பாய்.”

மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள், “தெரில பாய். மறந்துட்டேன் போலக்குது” என்றான்.

வேலை உத்தரவை அவனே கிழித்துப் போட்டான். இப்போது பட்டறையிலேயே படுக்கிறான். என் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகிறது. ஒரு நாளும் நான் அவனைக் கடிந்து பேசியதில்லை.

நேற்று அவனாகவே இங்கே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டானாம். அதனால்தான் வந்தேன். கம்பியை மாற்றியவன் நான். பழைய கம்பி என் வீட்டு பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரபராதி உள்ளே போவதை என் மனசாட்சி பொறுக்கவில்லை. அவனை இப்போதே விட்டுவிடுங்கள், ஐயா. நான் சொன்னது எதையும் அவனிடம் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை அவன் உலை மூட்ட வேண்டும்.