காப்புக் கட்டிய நாளில் வாய்தா

யுத்த காலம். மலைமேல் செம்மேட்டுச் சந்தையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வளப்பூர் நாட்டுக்காரர், தமக்கு முன்னால் நின்ற ஆலத்தூர் நாட்டுக்காரரிடம் சொன்னார்:

"சாமிக்குப் பயந்துதானுங்க எம்பட ஊடு போச்சு."

"சாமி ஏனுங்க ஊட்டை எடுக்குது?"

"ஊட்டை அடமானம் வெச்சிருந்தேன். கீழ்நாட்டு மொதலாளி கோர்ட்டுக்குப் போயிட்டான். வாய்தா அன்னைக்கு எங்கூருல சாமி நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்துது. காப்புக் கட்டுன பொறவு எல்லை தாண்டலாமுங்களா? நான் போகலை. அவன் சொன்னதே தீர்ப்பாச்சு. ஏலத்துல எடுத்தவனும் அவன்தான்."

"மொளகு குடுத்துக் கடனைக் கழிச்சீங்களே?"

"மூட்டை மூட்டையாக் குடுத்தேன். ஒரு ரசீது கேக்கலை. கணக்குல கழிச்சுக்கறேன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுனானே, அது போதும்னு இருந்துட்டேன்."

ஆலத்தூர்க்காரர் மடியிலிருந்து மடித்த கோர்ட்டுக் காகிதம் ஒன்றை எடுத்தார்.

"எனக்கும் வந்திருக்குதுங்க. அதே மொதலாளி. நானும் ரசீது இல்லாம மொளகுதான் குடுத்தேன். வாய்தாவும் எங்கூரு நோம்பிக்குள்ளதான் வருது."

"அப்பக் காப்புக் கட்டறதுக்கு முந்தியே மலை எறங்கிருங்க. ரசீது இல்லாட்டி மூட்டை சொமந்த ஆளைச் சாட்சிக்குக் கூட்டிக்குங்க. மொதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க."

"நோம்பிக்கு இல்லாமப் போனா சாமி கோவிச்சுக்காதுங்களா?"

வரிசை நகர்ந்தது. வளப்பூர்க்காரர் காலி டின்னைத் தூக்கிக்கொண்டார்.

"கோவிச்சுக்கட்டும். அது கோவிச்சுக்கப்படாதுன்னு இருந்தவன் நான். இப்பப் பொண்டாட்டி புள்ளைகளோட அந்தச் சாமி கோயில் வாசல்லதான் படுத்திருக்கறேன்."