பொன்னாடைக்கு அடியில்

மேடையில் யார் யார் இருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். பரிசு வாங்கிய என் மகள் தாரணி, பரிசு கொடுத்த சங்கத் தலைவர், பொன்னாடையோடு நான். கீழே கேமராவோடு நிருபர் கில்பர்ட், நாற்காலிகளில் சிறு கூட்டம். மதியம் போட்ட பிசிபேளாபாத் நன்றாக இருந்தது.

அது பேக்கேஜிங் இயந்திரத் தொழில் மாநாடு. இப்போதெல்லாம் இங்கே கூச்சத்துக்கும் ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். படம் வேண்டாம் என்பவர்களுக்கு அடையாள அட்டையைச் சிவப்புக் கழுத்துப் பட்டையில் மாட்டித் தருகிறார்கள். அதைக் கண்டால் பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தாழ்த்திக்கொள்வார்கள், பெயரும் கேட்க மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் முகத்தில் துண்டு போட்டுப் பார்த்திருக்கிறேன். பரிசு வாங்கப் போகிறவள் ஒளிவதை அன்றுதான் பார்த்தேன்.

மாப்பிள்ளை வெங்கி இரண்டு முறை அவள் கையை முறித்திருந்தார். அதற்காக இவள் குடும்பத்தையே முறித்துக்கொண்டு போய், ஒரு வருடமாக எங்கே வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியாதபடி இருந்தாள். எங்கள் சந்தாபுராவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "பொண்ணு இப்ப யாரோட இருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

"நீங்க மட்டும் வாங்கப்பா. பட்டை இருக்கறவரைக்கும் பயம் இல்ல" என்று சொல்லித்தான் கூப்பிட்டாள்.

பரிசு கைக்கு வந்ததும் மேடையேறினேன். பெற்றவனை யார் தடுப்பார்கள்? கழுத்தை ஒட்டி, முன்பக்கம் நன்றாக மூடும்படி போர்த்தினேன்.

"அப்பா, எடுங்க. பட்டை மறையுது."

"நாலு பேர் பாக்கறாங்க. நேரா நில்லு."

நின்றாள். என் பேச்சைத் தட்டி வளர்ந்தவள் இல்லை.

கில்பர்ட் கண்ணில் சிவப்பு படவில்லை, எடுத்தார். அவர்மேல் தப்பில்லை. இறங்கியதும், "மேடம் எந்தக் கம்பெனி சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். கணேசமூர்த்தி மகள் தாரணி என்றேன். பொம்மசந்திராவில் இருக்கும் கம்பெனியின் பெயரையும் சொன்னேன். என் இனிஷியலை இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் படம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். கல்யாணத்தின்போது சந்தா கட்டியவன் நான், இன்றுவரை நிறுத்தவில்லை. பார்த்ததும் வந்து அழைத்துப் போவார், கேட்டவர்கள் வாயெல்லாம் மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

வந்தார். ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்றார். கத்தியை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. அதுவரை அவர் வெறும் கையைத்தான் பயன்படுத்தி வந்தார்.

இப்போது சந்தாபுராவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. துக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். செய்தியோடு பத்திரிகை அதே படத்தைப் போட்டது. பொன்னாடையில் நிமிர்ந்து நிற்கிறாள், குடும்பத்துப் பெண்ணாக. இந்த முறையும் என் இனிஷியல் சரியாக இருந்தது.

ஒரு வதந்தியை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். மகள் இருந்த இடத்தை நான் மாப்பிள்ளையிடம் சொன்னதாகப் பேசுகிறார்கள். பொய். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகைக்காரரிடம்தான் சொன்னேன்.