கரண்டிமூக்கு உள்ளான்

குளிர்காலத்தில் பறவை பார்க்கப் போனால், வெயில் நம் முதுகில் விழும்படி நின்றுகொள்ள வேண்டும். அப்போதுதான் இறகின் நிறம் சரியாகத் தெரியும். என் மச்சானுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், ஐயா. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் என் மனைவியின் தம்பி. பஸ் டிப்போவில் மெக்கானிக். வாய் ஓயாது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவன் ரேடியோ. "ஞாயித்துக்கிழமை சும்மாதானே கிடக்கான், உங்ககூட கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி. கூட்டிக்கொண்டு போனேன். என் பழைய பைனாகுலரையும் கொடுத்தேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அடுத்தவர் பார்வையைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு.

அவனுக்கு வாய்த்த கண் வேறு மாதிரி. மழை ஓய்ந்ததிலிருந்து பனி முடியும்வரை நான் தவம் கிடக்கும் பறவை, அவன் டீ குடிக்கும்போது எதிரில் வந்து இறங்கும். எங்கள் குழுவில் என்னைச் சுற்றி நின்றவர்கள் மெல்ல அவன் பக்கம் நகர்ந்தார்கள். எங்கே போகலாம் என்று கேட்டவர்கள், "ரேடியோ வர்றாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்வேன்.

இந்த வருஷம் கழிமுகத்தில் கரண்டிமூக்கு உள்ளான் வந்திருப்பதாக ஒரு மீனவர் சொன்னார். உள்ளங்கையில் அடங்குகிற பறவை. மூக்கின் நுனி மட்டும் கரண்டிபோல விரிந்திருக்கும். உலகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம்தான். அதற்காக நான் பாதி ஆயுசு காத்திருந்தேன்.

குழுவுக்குச் சொல்லவில்லை. ரேடியோவை மட்டும் கூட்டிப்போனேன்.

கடல் இறங்கும் நேரம்; தண்ணீர் வடிந்து சேற்றுத் திட்டு தெரிந்தது. நடுவே இருக்கும் ஓடையைத் தாண்டிக் கால் வைத்தால் ஆளையே விழுங்கிவிடும் என்று மீனவர் என்னை எச்சரித்திருந்தார்.

"நீ ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நில்லு, மாப்ளே. நீ அங்க நின்னா பறவை இந்தப் பக்கம் ஒதுங்கும். அங்க தரை கெட்டியா இருக்கு" என்றேன்.

ஓடையைத் தாண்டி, முழங்கால்வரை சேற்றில் இறங்கியபோது சிரித்தான். "புதுச் செருப்பு போச்சு, அத்தான். அக்கா திட்டுனா நீங்கதான் பதில் சொல்லணும்."

இடுப்புவரை போனதும் சிரிப்பு நின்றது. "கயிறு ஏதாவது இருக்கா, அத்தான்?"

கார் டிக்கியில் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியது. அப்போது அவன் குரலைத் தாழ்த்தினான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அசையாதீங்க, அத்தான். உங்களுக்கு இடது பக்கம், அந்த நத்தை ஓட்டுக்குப் பக்கத்துல. அதேதான். நீங்க தேடுனதுதான்."

திரும்பினேன். சேற்றில் மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டி மேய்ந்துகொண்டிருந்தது.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அப்ப வாங்க, அத்தான். என்னைத் தூக்குங்க."

ஓடினால் பறவை கலைந்துவிடும். பறவை பார்க்காதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் அவன் கத்தினான். பறவை எழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகாவது நான் போயிருக்கலாம்தான். தொலைநோக்கியின் லென்ஸைத் துடைத்து, உறையில் போட்டு, அதன் முக்காலியை மடித்தேன். கூப்பிடுகிற சத்தம் நின்ற பிறகு காருக்கு நடந்தேன்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "தம்பி எங்க?" என்றாள். கால் கழுவிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அவனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அது என் சுபாவத்திலேயே கிடையாது.

இன்னொன்று. அந்தப் பறவையை முதலில் பார்த்தது நான். அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.